ஏற்கெனவே உள்ளே

"என்னோட அசல் படம் வேணும், அக்கா."

பெய்லான் இதைச் சொன்னதும் படக்கடையில் மவுஸ்களின் கிளிக் சத்தம் மொத்தமாக நின்றது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாடையை இன்னும் கொஞ்சம் ஒடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கூட வாயை மூடிக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஃபாங் அக்கா சொன்ன விதி ஒன்றுதான். முடியில் தப்புப் பண்ணு, கழுத்தைக் கோணலாக்கு, மன்னிக்கிறேன். முகத்தை ஒடுக்குகிற அவசரத்தில் பின்னாலிருக்கும் கதவுச் சட்டத்தையும் சேர்த்து வளைத்து வை, திட்டிவிட்டு மன்னிக்கிறேன். ஆனால் திருத்தாத அசலை மட்டும் கேட்காதே. எவள் கேட்டாலும் கொடுக்காதே. நீயும் கேட்காதே.

கேட்பதற்கு அங்கே ஆளும் இல்லை. சீனாவின் சோங்சிங் நகரத்து அந்த நிலத்தடிக் கடைவீதிக்கு அடையாளப் படம் எடுக்க வருகிற பெண்கள், திருத்துகிறவளின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கண்ணைக் கொஞ்சம் திற, மூக்கைக் கொஞ்சம் கிள்ளு என்று கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுவதுபோல் பேசுவார்கள். பேரம் படிந்து எழுந்திருக்கும்போது, "பழசை அழிச்சிட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்பார்கள். "அழிச்சாச்சு, அழகி" என்பாள் பெய்லான். அந்த ஊரில் கடைக்கு வருகிற எல்லோரும் அழகிதான். மீன் வெட்டுகிறவனும் அழகி என்றுதான் கூப்பிடுவான். வாய்க்கு என்ன வாடகையா கொடுக்கிறான்?

"எதுக்கு உனக்கு அசலு?" என்றாள் ஃபாங் அக்கா. எப்போதும் போட்டிருக்கும் கறுப்பு முகமூடிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்த முகமூடி இல்லாமல் அவளைக் கடையில் யாரும் பார்த்ததில்லை.

"எங்க குடியிருப்பு வளாகத்துல முகம் பாத்துத் திறக்குற கதவு என்னை உள்ள விடமாட்டேங்குது."

வாடிக்கையாளர் சிரித்துவிட்டாள். "இதுக்கா? என்னை விமான நிலையத்துல நிறுத்திட்டாங்க தங்கச்சி. மூணு பேரு கூடி நின்னு படத்தையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்குறானுங்க. ஒருத்தன் எழவு வீட்டுக்கு வந்தவனாட்டம் தலையை ஆட்டுறான். கடைசில அதிகாரி பொம்பளை ஒருத்தி தனியா கூட்டிட்டுப் போயி, எந்தக் கடைல எடுத்தேன்னு விலாசம் வாங்கிக்கிட்டு விட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். பெய்லான் சிரிக்கவில்லை. தெரியாத முகம் என்று கதவு சொன்னால் அவளும் சிரித்திருப்பாள். கதவு அப்படிச் சொல்லவில்லை. மூன்று நாளாக, அவள் வேலை முடிந்து வந்து சின்னத் திரைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், அவளுடைய திருத்தின படத்தைக் காட்டி, இனிமையான பெண் குரலில் அது சொன்னது இதைத்தான்: "தியான் பெய்லான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்."

முதல் நாள் காவலாளி ஹூ சித்தப்பா, எந்திரத்துக்குச் சளி பிடித்துவிட்டது என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். அன்று அவளுடைய ஒற்றை அறையில் சோப்பு ஈரமாக இருந்தது. மறுநாள், குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்து, யாரோ நடுவில் வட்டமாகத் துடைத்து முகம் பார்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. அந்த வட்டத்திலிருந்து ஒரு துளி நீர், அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மெதுவாக இறங்கி, கண்ணாடியின் அடிவிளிம்பில் நின்று, விழாமல் தொங்கியது. தலையணையில் அவள் வாங்காத ஒரு முகப்பூச்சின் வாசனை. வாசனை என்றுகூடச் சொல்ல முடியாது. எந்த மணமும் இல்லாமல் கழுவிவிட்ட மாதிரி ஒரு வெறுமை.

சரி, புதிதாக ஒரு படம் எடுத்துக் கதவில் பதிந்துவிடலாம் என்று பார்த்தாள். போனில் அழகூட்டுகிற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுத்தாள். வழவழவென்று வந்தது. கடையின் பெரிய கேமராவில் எடுத்தாள். அதிலும் அதே முகம்தான் வந்தது: கூம்பிய தாடை, பளிங்குத் தோல், இடது கண்ணுக்குக் கீழே மச்சம் இல்லை. கண்ணாடியில் மச்சம் இருந்தது. தொட்டால் விரலில் தட்டுப்பட்டது. எந்தக் கேமராவுக்கும் அது தெரியவில்லை.

நாளைக்கு அம்மா ஊரிலிருந்து வருகிறாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிறாள். இந்த இரண்டு வருடமும் மகளைப் போன் திரையில்தான் பார்த்திருக்கிறாள். திரை தானாகவே எல்லோரையும் வெளுக்கும். ரயிலடியில் நேருக்கு நேர் பார்க்கும்போது அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா? டிக்கெட் எடுத்துவிட்டதாக அம்மா சொன்ன நிமிடத்திலிருந்து இந்தக் கேள்வி பெய்லானின் நெஞ்சில் மீன்முள்ளாக மாட்டியிருந்தது. அந்த நிமிடத்துக்கு அப்புறம்தான் சோப்பு ஈரமானது.

ஃபாங் அக்கா அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள்.

"மனசுக்குள்ள முன்னாடியே கேட்டுட்டே, இல்ல? அதான் அது வந்திருச்சு. அசல் வெளியே வந்துட்டா, எது அசலுங்கிற கேள்வி வந்திரும் பொண்ணு. ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்."

"எது நிக்கும்னு யாரு முடிவு பண்ணுறது?"

"பாக்குறவங்க."

"நீங்க கேட்டிருக்கீங்களா அக்கா?"

ஃபாங் அக்கா முகமூடியின் மேல் விளிம்பை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்கு அடியில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் துணி எதிலும் படாமல் உள்ளே தொய்ந்ததுபோல் பெய்லானுக்குப் பட்டது. "கடவுச்சொல்லைச் சொல்றேன். நீயே எடுத்துக்க. என் கையால தரமாட்டேன்."

கடையின் வேலைப் போனில், அதுவரை அவள் திறக்காத ஒரு கோப்புறை திறந்தது. அழித்தாகிவிட்டது என்று அவள் சத்தியம் பண்ணின முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. பருக்கள், அகன்ற தாடைகள், ஒற்றை இமைகள், தூங்காத கண்கள். அவள் குடியிருக்கும் வளாகத்துப் பெண்களில் பாதிப்பேர் இருந்தார்கள். ஊழியர் சலுகையில் அவளே கூட்டிவந்தவர்கள்.

அப்புறம் அவள், வேலைக்குச் சேர்ந்த அன்று அங்கே எடுத்த படத்தில்.

அகலமான தாடை, அம்மாவின் தாடை. நடுவில் அறுந்த புருவம். இடது கண்ணுக்குக் கீழே, உளுந்து அளவில், அந்த மச்சம். அழுகை மச்சம் என்பார்கள் ஊரில். கண்ணீர் வழிகிற பாதையில் மச்சம் இருக்கிறவள் ஆயுசுக்கும் அழுவாள். "காசு சேந்ததும் அதைத்தான் மொதல்ல எடுக்கணும்" என்று அம்மா தன் செருப்புத் தொழிற்சாலைச் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். அந்தக் காசு பட்டப்படிப்புக்குப் போனது. அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெய்லான். பட்டம் வாங்கி என்ன? விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு மேலே படம் இருந்தது. மச்சம் இருந்த படத்துக்கு ஒருத்தனும் கூப்பிடவில்லை. ஒரு தோழி மச்சத்தை இழைத்து எடுத்துக் கொடுத்த பிறகு கூப்பிட்டார்கள். அதே மதிப்பெண்தான், அதே ஆள்தான். அந்தக் கோபம் அவளுக்கு இன்றும் தீரவில்லை. ஆனாலும் மறுநாளே திருத்துகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வயிறு கோபத்தைக் கேட்டா பசிக்கிறது?

அவளுடைய சொந்தப் போன் அதிர்ந்தது. அம்மாவின் குரல் செய்தி.

"ஏ லான்லான், நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னைக்கே கெளம்பி வந்தா, எப்பிடிடி தெரிஞ்சு ரயிலடிக்கு வந்து நின்ன? எனக்கே கூச்சமாப் போச்சு போ, அம்புட்டு வெள்ளையா இருக்க! மூட்டையெல்லாம் நீயே தூக்கிட்டு வந்தியே, கை வலிக்கலியா? சரி, சமையக்கட்டுக்குள்ள போயி ரொம்ப நேரமாச்சு. கூப்பிட்டாலும் பேச மாட்டேங்குற. அதான் போன்ல சொல்லுறேன். வா வெளிய, சாப்பிடலாம்."

பெய்லான் மேல்கோட்டை எடுக்க மறந்து, வேலைப் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

ரயிலுக்கு வெளியே பனிமூட்டம் ஆற்றையும் பாலத்தையும் எதிர்க்கரைக் கட்டடங்களையும் இழைத்து இழைத்து எடுத்துவிட்டு, ஊரே தோல் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று வெள்ளையாகக் கிடக்க, பெட்டிக்குள் நனைந்த கம்பளியும் யாரோ தின்ற மிளகாய் நூடுல்ஸும் கலந்து நாறியது. ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் லான்லான். வீட்ல உன்கூட இருக்கிறது நானில்ல. கதவைத் திறந்துட்டு வெளியே வந்துரு."

மறுமுனையில் எண்ணெய் பொரிகிற சத்தம். அதற்குப் பின்னால் கிண்ணம் வைக்கிற சத்தம்.

"யாருடா நீங்க? டிவில போட்டுப் போட்டுக் காட்டுறான், புள்ளைங்க கொரலைத் திருடிக் காசு கேப்பானுங்கன்னு. எம்பொண்ணு இந்தா எதுத்தாப்பல உக்காந்திருக்கா. நாசமாப் போவீங்க!"

வைத்துவிட்டாள்.

அடுத்து, குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. அம்மா எடுத்தது. அம்மாவும் அவளும். அந்த அவள் அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தாள். பெரிய மாமா கைதட்டுகிற பொம்மைகளைக் கொட்டியிருந்தார். எந்த நடிகை நம்ம வீட்டுக்கு வந்திருக்கு என்று சித்தி கேட்டிருந்தாள். அது நானில்லை என்று பெய்லான் எழுதினாள். "அதைத்தான் நாங்களும் சொல்றோம், நீயாவே தெரியல!" என்று மாமா எழுதினார். குழுவே சிரித்தது.

பெய்லான் படத்தைப் பெரிதாக்கினாள். தொழில் பழக்கம். முகத்தைப் பார்க்காமல் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கோடுகளைப் பார்த்தாள். சுவர் ஓட்டின் நேர்க்கோடு அந்தக் கன்னத்துக்கு அருகே வந்ததும் உள்பக்கமாக வளைந்து, கழுத்தைத் தாண்டியதும் மறுபடி நேராகப் போனது. கற்றுக்குட்டி திருத்தினால் இப்படி வரும்.

யாரும் திருத்தவில்லை. இது நேரடியாக எடுத்த படம்.

வளாகத்து வாசலில் விளக்குப் போடும் நேரம். திரை அவளைப் பார்த்தது. "தியான் பெய்லான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்."

"சித்தப்பா, கதவைத் திறங்க. அவசரம்."

ஹூ சித்தப்பா கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு வருடமாகப் பார்க்கிறவர். அவள் கொடுத்த ஆரஞ்சைத் தின்றவர். "யாரும்மா? யாரைப் பாக்கணும்?"

"நான் பெய்லான் சித்தப்பா!"

"அந்தப் பொண்ணு இப்பத்தான அம்மாவோட மேல போச்சு. என்னா லட்சணம்!"

அவள் வேலைப் போனைத் தூக்கி அசல் படத்தைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒழுங்காக, பொறுமையாக, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். "ஆனா இது பெய்லான் இல்லியே."

சாப்பாடு கொண்டுவந்த பையன் ஒருவனுக்குக் கதவு திறந்தது. அவன் முதுகோடு ஒட்டி அவளும் நுழைந்தாள். சித்தப்பா கத்தினார். ஓடினாள்.

மாடி நடைபாதையில், காலடிச் சத்தத்துக்கு எரிகிற விளக்கு அவள் காலடிக்கு எரியவில்லை. இருட்டில் வாசனை மட்டும் வந்தது: புகைபோட்ட பன்றிக்கறி, பூண்டுத்தழை, புளித்த மிளகாய். அம்மாவின் கை. கறி பொரியும் வாசனைக்கு நடுவே ஓர் ஓட்டை மாதிரி அந்த வெறுமை. கதவுக்குப் பின்னால் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். பேசினாள். நிறுத்தினாள். பதில் வந்தாற்போல் சிரித்தாள். பதில் எதுவும் கேட்கவில்லை.

பெய்லான் தட்டினாள்.

பேச்சு நின்றது.

மறுபடி தட்டினாள்.

சங்கிலி போட்டபடி கதவு ஒரு சாண் திறந்தது. அம்மா. உண்மையான அம்மா, நரைத்த முடி, அகலத் தாடை, பசை தின்ற விரல்கள். அம்மா அவளுடைய கண்ணைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பார்த்தாள். அங்கேயே நின்றது பார்வை.

"அம்மா. மச்சத்தைப் பாரு. நாந்தான்."

அம்மாவின் தோளுக்கு மேலே மேசை தெரிந்தது. மேசையில் அது. பெய்லானின் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகு நிமிர்ந்து. முகத்தில் எந்தப் பக்கமிருந்தும் நிழல் விழவில்லை. இமை கொட்டவில்லை. அதன் இடுப்புக்குப் பக்கத்தில் ஜன்னல் சட்டம் வில்லாக உள்ளே வளைந்திருந்தது. கிண்ணத்தில் கறி அப்படியே இருந்தது. அது புன்னகைத்தது. புன்னகைத்தபோது பின்னால் சுவரும் கொஞ்சம் நகர்ந்தது.

"கையைக் குடும்மா. வெளிய வா. அது மனுஷி இல்ல."

"மெதுவாப் பேசு" என்றாள் அம்மா.

"அம்மா?"

"தெரியும் லான்லான்."

சந்துக்குள் நீட்டிய கையைப் பெய்லான் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ரயிலடிலயே தெரிஞ்சுது. பெத்தவளுக்குத் தெரியாதா?" அம்மா சங்கிலியை விடாமல் பிடித்திருந்தாள். "ஆனா அவ என் மூட்டையத் தூக்குனாடி. அம்புட்டு சனமும் திரும்பிப் பாத்துச்சு. இவளோட அம்மாவான்னு என்னைப் பாத்துச்சு. என்னை இதுவரைக்கும் யாரு அப்பிடிப் பாத்தா? உன் மாமன் இன்னைக்கு வரைக்கும் உன் படத்துக்கு ஒரு வார்த்தை சொன்னதுண்டா?"

"அதுக்காக..."

"அவளுக்கு அழுகையே வராது லான்லான். தொட்டுப் பாத்தேன். கண்ணு காஞ்சு கெடக்கு." அம்மா ஒரு விரலைச் சந்து வழியாக நீட்டி, மச்சத்தை, பிள்ளையின் மூக்கைத் துடைப்பதுபோல் மெல்லத் தேய்த்தாள். அது போகவில்லை. "நீ படிச்சவ. எப்பிடியும் பொழைச்சுக்குவ."

விரல் உள்ளே போனது.

கதவு மூடியது. சத்தமே வராமல், பார்த்துப் பதமாக, தூங்குகிற குழந்தை இருக்கும் அறையை மூடுவதுபோல் மூடினாள்.

லிஃப்டில் இறங்கும்போது பெய்லான் அழுதாள். கண்ணீர் மச்சத்தைத் தாண்டித் தாடைக்கு வந்து, அங்கே நின்று, சொட்டியது. அகலமான தாடை. அது தாங்கும். பாக்குறவங்கதான் முடிவு பண்ணுவாங்க என்று ஃபாங் அக்கா சொல்லியிருந்தாள். பார்த்தாகிவிட்டது. முடிவும் ஆகிவிட்டது. பெற்றவளே ஒடுக்கிவிட்டாள்.

கடையின் வேலைப் போன் இன்னும் கையில் இருந்தது. கோப்புறை திறந்தே இருந்தது. அசலைக் கேட்கக் கூடாது என்பதுதான் விதி. கேட்காதவர்களுக்கு அனுப்பக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு படத்தின் அடியிலும் அவரவர் போன் எண் இருந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். லிஃப்ட் கதவு திறப்பதற்குள் அவரவர் அசலை அவரவருக்கே அனுப்பியும் முடித்தாள்.

முற்றத்தில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்த பெண்களின் பைகளில் ஒவ்வொன்றாகப் போன் கீச்சிட்டது. ஒருத்தி எடுத்துப் பார்த்தாள். அடுத்தவள் பார்த்தாள். ஆட்டம் நின்றது. பாட்டு மட்டும் ஓடியது. வாசலுக்கு வெளியே கீரைப் பையோடு மூன்றாம் மாடிப் பெண் திரைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"யூ சின்யா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்."

"என்ன உளறுது இது? சித்தப்பா!"

அவளுக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். ஏற்கெனவே உள்ளே. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஏற்கெனவே உள்ளே. அதே இனிய குரல்.

பெய்லான் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஜன்னல் சட்டம் இருபக்கமும் உள்ளே வளைந்திருந்தது. வளைவுக்கு நடுவில் இரண்டு முகங்கள், கன்னத்தோடு கன்னம். ஒன்று அவளுடையது. மற்றதன் தாடை இப்போது ஒடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து அவளுக்குக் கையசைத்தன.

அவள் திரும்பி, சுவரில் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வெளியே போக முகம் தேவையில்லை. கதவு திறந்தது.

போனாள்.